வாயிலில் தயங்கி நின்றவர்கள்

1881-ஆம் ஆண்டின் கோடைக் காலம். வியன்னா நகரை அடுத்த ஒரு நாட்டுப்புற இல்லத்தில் 22 வயது நங்கை ஒருவர் நோயுற்றிருந்தார். மாலை வேளைகளில் மருத்துவர் அவரைக் காண வருவார். புதியவர் அல்லர், பல மாதங்களாக அவருக்கு மருத்துவம் செய்து வந்தவர். ஆயினும் அந்த நங்கை உடனே வாய் திறப்பதில்லை. தன்னை மறந்த அரைத்துயில் நிலையில் இருந்தவாறே, எதிரில் அமர்ந்திருப்பவரின் கைகளைத் தம் கைகளால் கவனமாகத் தடவிப் பார்ப்பார். வந்திருப்பவர் அவர்தாம் என்று உறுதியான பின்பே பேச்சுப் பிறக்கும்.

மருத்துவர் யோசப் புரோயர் இந்தச் சிறு செய்தியைத் தம் குறிப்புகளில் மறவாமல் எழுதி வைத்திருக்கிறார். பேச்சின் வழியே மனநோயைத் தணிக்கலாம் என்னும் இக்கால உளவழி மருத்துவத்தின் வரலாறு அந்த நங்கையிலிருந்தே தொடங்குகிறது என்பர். அப்படியானால், அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு தயக்கமும் இருக்கிறது. நம்பிப் பேசலாமா என்று தொட்டுப் பார்த்து அறிய முனையும் இரு கைகள் இருக்கின்றன.

உளமருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவர்களின் பெயர்களைக் கொண்டே எழுதுகின்றனர். கோட்பாடுகள், நூல்கள், கருத்து வேறுபாடுகள் என்று அது விரியும். அறையின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவருக்கு அந்த முதல் நாள்கள் எவ்வாறு இருந்தன என்ற வினா அதில் அரிதாகவே எழுகிறது. நெஞ்சிலுள்ளதை முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்லப் போகிறோம் என்னும் நினைவே நாவை உலர்த்திவிடும். சொல்லிவிட்டு வீடு திரும்பினால் மனம் இலேசாவதற்கு மாறாக முன்னிலும் கனக்கும். 'ஏன் சொன்னோம்?' என்று அன்றிரவு உறக்கமின்றிப் புரள்வோர் உண்டு. மறுமுறை போகாமலே நின்றுவிடுவோரும் உண்டு. அந்தச் சங்கடத்தைத் தம் கோழைத்தனத்தின் அடையாளம் என்றோ, இவ்வகை மருத்துவம் தமக்கு ஒத்துவராது என்பதற்குச் சான்று என்றோ அவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர்.

அந்த முடிவு சரியானதுதானா? இதை அறிய, இந்த வாயிலில் முதன்முதலில் தயங்கி நின்ற சிலரை நாம் சந்திக்க வேண்டும்.

பேச்சே மருந்தான கதை

மருத்துவ நூலில் 'அன்னா ஓ' என்ற மறைபெயரில் இடம்பெற்ற அந்த நங்கையின் உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1859-இல் வியன்னாவில் செல்வ வளமிக்க யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கூரிய அறிவுடையவர், ஆனால் அக்காலத்து வழக்கப்படி மேற்படிப்புக்கு வாய்ப்பின்றி வீட்டில் அடைபட்டிருந்தவர். 1880-இல் தந்தையார் கடும் நோயில் விழுந்தார். இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்த மகளையும் சில மாதங்களில் நோய் பற்றியது. கை மரத்துப்போயிற்று, பார்வை குழம்பிற்று, தாய்மொழியாகிய ஜெர்மன் மறந்து, ஆங்கிலம் மட்டுமே நாவில் எஞ்சியது.

ஒரு கட்டத்தில் இரண்டு வாரங்கள் அவர் முற்றிலும் ஊமையானார். உடலில் குறை எதுவும் தென்படவில்லை. ஏதோ ஒன்று அவரைப் புண்படுத்தியிருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று அவர் உறுதி பூண்டிருக்கிறார் என ஊகித்தார் புரோயர். அதைப் பற்றியே அவரைப் பேச வைத்தார். அடைபட்ட பேச்சும் மெல்லத் திரும்பிற்று. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேச மாட்டாமை அவருக்கு மருத்துவத்தின் தடையாக வந்து நிற்கவில்லை. அதுவே அவர் சொல்ல வேண்டியிருந்த முதல் செய்தியாக இருந்தது.

பின்னொரு கோடையில் அவரால் தண்ணீர் குடிக்க இயலாமற் போயிற்று. தாகம் வாட்டியும் குவளை உதட்டில் பட்டவுடன் தள்ளிவிடுவார். ஏறத்தாழ ஆறு வாரங்கள் பழங்களைக் கொண்டே காலம் கழிந்தது. ஒரு நாள் அரைத்துயிலில் பேசும்போது, தம் வீட்டில் துணையாக இருந்த ஆங்கிலப் பெண்மணியின் நாய், மனிதர் குடிக்கும் குவளையிலிருந்து நீர் அருந்தியதைத் தாம் கண்டதைச் சொன்னார். அருவருப்பு பொங்கியும், நயத்தக்க நாகரிகம் கருதி அன்று வாய் திறவாமல் இருந்துவிட்டாராம். அடக்கி வைத்த சினத்தை அப்போது வெளிப்படுத்தியபின், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று புரோயர் எழுதுகிறார். நாகரிகம் கருதி விழுங்கிய ஒரு சொல் தொண்டையை எவ்வாறு அடைக்கக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இம்முறைக்குப் பெயரிட்டவரும் மருத்துவர் அல்லர், பெர்த்தாவே. தீவிரமாகப் பேசுகையில் 'பேச்சு மருத்துவம்' என்றும், வேடிக்கையாகப் பேசுகையில் 'புகைக்கூண்டு துடைத்தல்' என்றும் ஆங்கிலத்தில் அவர் அதைக் குறிப்பிட்டார். புகைக்கூண்டைத் துடைப்பவர் முதலில் கரியைத்தான் கிளப்புவார். அறை முழுவதும் தூசு பறக்கும். பிறகே அடுப்புச் சீராக எரியும். மருத்துவத்தின் தொடக்கத்தில் நிலைமை மோசமாவது போலத் தோன்றுவதை விளக்க இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

உண்மையையும் மறைக்கலாகாது. அவர் நலமடைந்தார் என்ற எண்ணத்தையே 1895-இல் வெளிவந்த நூல் வாசகர்க்குத் தருகிறது. ஆனால் 1882-இல் அவர் சுவிட்சர்லாந்தின் குரொய்ட்ஸ்லிங்கன் நகரிலிருந்த நலவிடுதியில் சேர்க்கப்பட்டதையும், நோய் முழுதும் நீங்காதிருந்ததையும் பிற்கால ஆய்வாளர்கள் ஏடுகளைத் தேடிக் கண்டறிந்தனர். நலம் மெதுவாகவே வந்தது. வந்தபின் அவர் பிராங்பர்ட் நகரில் குடியேறி, ஆதரவற்ற பெண்களுக்காகத் தம் வாழ்வை ஈந்தார். 1904-இல் யூத மகளிர் கூட்டமைப்பைத் தோற்றுவித்தார். 1907-இல் நொய்-ஈசன்பர்க்கில் கைவிடப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓர் இல்லம் திறந்தார். 1936-இல் மறைந்த அவருக்கு, 1954-இல் மேற்கு ஜெர்மனி அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

குறுக்கே கேளாதீர்கள்

புரோயரிடமிருந்து இக்கதையைக் கேட்டறிந்த இளைஞர் சிக்மண்ட் ஃபிராய்டு. அவர் எழுதுகிறபடி, 1889-ஆம் ஆண்டு மே முதல் நாள் ஒரு பெண்மணி அவருடைய மருத்துவத்துக்கு வந்தார். 'எம்மி' என்று நூலில் பெயர் பெற்ற அவர் ஏறத்தாழ 40 வயதுக் கைம்பெண். இரு பெண்மக்களின் தாய். பேசிக்கொண்டே இருக்கையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவர் முகம் அச்சத்தால் மாறும். கையை முன்னே நீட்டி, அசையாதே, பேசாதே, தொடாதே என்ற பொருள்படக் கூவுவார். அடுத்த நொடியே எதுவும் நிகழாதது போல் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

அந்நாளில் ஃபிராய்டு அறிதுயில் முறையைக் கையாண்டு வந்தார். நோயாளரைத் துயிலில் ஆழ்த்தி, இது எங்கிருந்து வந்தது, அது எப்போது தொடங்கியது என்று துருவித் துருவிக் கேட்பார். ஒரு நாள் எம்மி பொறுமை இழந்தார். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிராமல், தாம் சொல்ல வந்ததைச் சொல்லவிட வேண்டும் என்று முணுமுணுப்புடன் கூறிவிட்டார். ஃபிராய்டு அதற்கு இணங்கினார்.

பேரறிஞர் ஒருவர் நூலகத்தில் அமர்ந்து கண்டுபிடித்த உத்தி என்று நாம் எண்ணுகிற ஒன்று, உண்மையில் ஒரு நோயாளரின் முறையீட்டில் வேர்விட்டது. 'மனத்தில் தோன்றுவதைத் தோன்றியவாறே சொல்லுங்கள். நான் கேட்கிறேன்' என்னும் முறை பின்னாளில் இம்மருத்துவத்தின் அடிப்படை விதியாயிற்று. அவ்விதிக்கு வழிகோலியவர்களுள், சங்கடத்தைச் சங்கடம் என்று சொல்லத் துணிந்த ஒரு கைம்பெண்ணும் இருந்தார்.

1892-இன் இலையுதிர் காலத்தில் 'எலிசபெத்' என்ற 24 வயதுப் பெண் வந்தார். கால்களில் நீங்காத வலி. நடக்கவும் நிற்கவும் துன்பம். மருத்துவத்தின் தொடக்கக் கட்டத்தில் வலி குறையவே இல்லை. 'இன்னும் முன்போலவே வலிக்கிறது' என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வாராம். அப்படிச் சொல்லும்போது அவர் பார்வையில் மருத்துவரை வென்றுவிட்ட களிப்பு ஒன்று தெரிந்ததாக ஃபிராய்டு எழுதுகிறார். அறிதுயிலுக்கு உட்படாத அவரிடம் ஃபிராய்டு வேறொரு வழியைக் கையாண்டார். நெற்றியில் கைவைத்து அழுத்தி, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டார். சில நாள்களில் ஒன்றும் தோன்றவில்லை என்றே விடை வரும். முகமோ ஏதோ தோன்றியதைக் காட்டிக் கொடுக்கும். மூன்றாம் முறை அழுத்திய பின் ஒன்றைச் சொல்லிவிட்டு, முதல் முறையே இதைச் சொல்லியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்வார். முன்பே ஏன் சொல்லவில்லை? கேட்பது இதுவாக இருக்காது என்று நினைத்தாராம். அல்லது தட்டிக் கழிக்கலாம் என்று எண்ணினாராம்.

நம்மில் யார் இதைச் செய்ததில்லை? இந்தத் தயக்கத்தை ஃபிராய்டு 'எதிர்ப்பு' என்று அழைத்தார். நோயாளர் வேண்டுமென்றே செய்யும் குறும்பாக அவர் அதைக் கருதவில்லை. எந்த ஆற்றல் அந்த நினைவை மனத்தின் ஆழத்தில் புதைத்ததோ, அதே ஆற்றல்தான் அது வெளிவரும்போதும் கதவைப் பிடித்து நிற்கிறது என்றார். எனவே தயக்கம் மிகும் இடம், புதைந்தது அருகில் இருக்கும் இடம்.

தம் தமக்கையின் கணவர்மீது தமக்கே தெரியாமல் வளர்ந்த அன்பைத் தாம் மறுத்து வந்ததே வலியின் மூலம் என்று ஃபிராய்டு சொன்னபோது எலிசபெத் கதறினார். அது பொய், நீங்களே அதை என் தலையில் ஏற்றிவிட்டீர்கள் என்றார். வலியும் மீண்டும் கொழுந்துவிட்டது. அவ்வேளையில் ஃபிராய்டு சொன்ன ஆறுதல் சிந்திக்கத்தக்கது: உணர்வுகள் எழுவதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர், அவ்வுணர்வை ஏற்க மாட்டாமல் நோயுற்றதே உங்கள் நேரிய உள்ளத்துக்குச் சான்று. மருத்துவம் முடிந்து, 1894-இன் வசந்த காலத்தில் ஒரு தனியார் விருந்தில் அவர் விரைந்து சுழன்று நடனமாடிச் சென்றதை ஃபிராய்டு நேரில் கண்டார்.

வாழ்த்துக் கூறி விடைபெற்றவர்

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, சங்கடம் எழுந்தால் பொறுத்துக்கொண்டு மருத்துவர் சொற்படி நடப்பதே முறை என்று முடிவுசெய்தால் பெரும்பிழை செய்தவர்களாவோம். 'டோரா'வின் கதை அதைத்தான் நமக்குச் சொல்கிறது.

ஈடா பவுவர் என்னும் அந்தப் பெண்ணுக்கு 1900-ஆம் ஆண்டின் அக்டோபரில் 18 வயது நிரம்பும் தறுவாய். அவராக விரும்பி வரவில்லை. தந்தை அழைத்து வந்தார். மகளின் மேசையில் உயிரை மாய்த்துக்கொள்வதாக எழுதிய கடிதம் கிடைத்திருந்தது. குடும்ப நண்பர் ஒருவர் தம்மிடம் முறைகேடாக நடந்துகொண்டதை ஈடா வீட்டில் சொல்லியிருந்தார். நண்பர் மறுத்தார். தந்தையும் மகளை நம்பவில்லை. எல்லாம் அவளுடைய கற்பனை என்றார். அந்த நண்பரின் மனைவியோடு தந்தைக்கு இருந்த தகாத தொடர்பே அதற்குக் காரணம் என்பது மகளுக்குத் தெரியும். மகளுக்கு நற்புத்தி சொல்லித் திருத்துங்கள் என்பதே ஃபிராய்டிடம் தந்தை வைத்த வேண்டுகோள்.

இத்தகைய சூழலில் வந்து அமரும் ஒரு பெண்ணின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். எதிரே இருப்பவர் தந்தையின் மருத்துவர். கூலி கொடுப்பவர் தந்தை. சொன்னதை நம்ப வீட்டில் எவரும் இல்லை. நடந்தது நடந்ததே என்பதை ஃபிராய்டு நம்பினார். அவ்வளவில் அவர் தந்தையினும் மேலானவர். ஆனால் அந்த நம்பிக்கையை அப்பெண்ணின் உள்ளத்தில் ஊன்றச் செய்யும் முன்பே, அந்த மனிதர்மீது அவளுக்கே மறைவான விருப்பம் இருந்தது என்று விளக்கத் தொடங்கிவிட்டார். அவள் மறுக்க மறுக்க, அந்த மறுப்பையே தம் விளக்கத்துக்குச் சான்றாகக் கொண்டார்.

1900 டிசம்பர் 31 அன்று, இதுவே கடைசி நாள் என்று அறிவித்தார் ஈடா. எப்போது முடிவு செய்தீர் என்று ஃபிராய்டு கேட்டார். இரண்டு வாரங்களுக்கு முன் என்பது விடை. வேலைக்காரி முன்னறிவிப்புக் கொடுப்பது போலிருக்கிறதே என்றார் ஃபிராய்டு. அன்றும் விளக்கங்கள் தொடர்ந்தன. அவர் வழக்கம்போல் மறுத்துப் பேசவில்லை, அமைதியாகக் கேட்டார், புத்தாண்டு வாழ்த்துகளை அன்போடு கூறி விடைபெற்றார், பின்னர் வரவில்லை. ஏறத்தாழ 11 வாரங்களில் அம்மருத்துவம் முடிந்துபோயிற்று.

அடுத்த ஆண்டில் ஈடா அந்தக் குடும்பத்தாரை நேரில் சந்தித்து, தம் குற்றச்சாட்டு மெய்யே என்று அவர்களையே ஒப்புக்கொள்ள வைத்தார். 1902 ஏப்ரல் முதல் நாள் ஃபிராய்டிடம் மீண்டும் ஒருமுறை வந்து அதைச் சொல்லிச் சென்றார். 1905-இல் இவ்வரலாற்றை வெளியிட்ட ஃபிராய்டு, அதன் பின்னுரையில் தம் பிழையைத் தாமே எழுதினார். தந்தையிடமும் அந்த மனிதரிடமும் ஈடா கொண்டிருந்த கசப்பு தம்மீதும் திரும்பிக்கொண்டிருந்ததைத் தாம் உரிய வேளையில் உணரவில்லை என்றார். தம் வருகையை மருத்துவர் உள்ளன்போடு எதிர்நோக்குகிறார் என்று காட்டியிருந்தால் அந்தப் பெண் தொடர்ந்து வந்திருப்பாரோ என்ற கேள்வியையும் எழுப்பினார். ஆனால் அப்படி ஒரு வேடத்தைப் புனையத் தாம் விரும்பவில்லை என்று தமக்குத் தாமே விடை கூறிக்கொண்டார்.

எனவே சங்கடம் இருவகை. எலிசபெத்தின் சங்கடம், உண்மையை நெருங்கும்போது எழுந்தது. ஈடாவின் சங்கடத்தில் அதனினும் வேறான ஒன்று இருந்தது; தம் உண்மை தம்மிடமிருந்து பறிக்கப்படுகிறது என்ற உணர்வு அது. முன்னது பொறுத்துக்கொள்ளத் தக்கது. பின்னது எச்சரிக்கை. இரண்டுக்கும் 'எதிர்ப்பு' என்ற ஒரே பெயரைச் சூட்டியது அன்றைய மருத்துவத்தின் குறை.

முதல் நகர்வு

1913-இல் ஃபிராய்டு, மருத்துவத்தைத் தொடங்குவது எவ்வாறு என்பதைப் பற்றியே தனிக் கட்டுரை ஒன்று எழுதினார். சதுரங்க ஆட்டத்தில் தொடக்க நகர்வுகளையும் இறுதி நகர்வுகளையுமே முறைப்படுத்திச் சொல்ல முடியும், இடையில் நிகழ்வதைச் சொல்ல இயலாது என்று தொடங்குகிறார். முதல் ஓரிரு வாரங்களை வெள்ளோட்டமாகவே கொள்ள வேண்டும். காலத்தையும் கட்டணத்தையும் கூச்சமின்றி முதலிலேயே பேசிவிட வேண்டும். தொடர்வண்டியின் சன்னலோரம் அமர்ந்தவர் வெளியே மாறிவரும் காட்சிகளை உள்ளே இருப்பவருக்குச் சொல்வதுபோல நோயாளர் பேச வேண்டும் என்கிறார். மிக முக்கியமாக, நோயாளருக்கு மருத்துவர்மீது உறுதியான பற்று உண்டாகும்வரை விளக்கங்களை அவிழ்க்கலாகாது என்று எச்சரிக்கிறார். ஈடா விட்டுச் சென்ற பாடத்தின் தழும்பு இவ்வரியில் இருப்பதாக நினைக்கத் தோன்றுகிறது.

நோயாளர் சாய்ந்திருக்க, மருத்துவர் அவர் கண்ணில் படாமல் பின்னே அமரும் ஏற்பாட்டுக்கும் அக்கட்டுரையில் வெளிப்படையான காரணம் உண்டு: நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பிறர் தம்மை உற்றுநோக்குவதைத் தம்மால் தாங்க இயலவில்லை! சங்கடம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்பதை அறிய நமக்கு ஆறுதலாகவே இருக்கிறது. சிலருக்கு அப்படிச் சாய்ந்திருப்பது பிடிப்பதில்லை என்பதையும், எழுந்து வாயிலருகே நிற்கும்போதே மனம் திறந்து பேசுவோர் உண்டு என்பதையும் அவர் குறிக்கிறார்.

கேட்பவர் முகம் காணாமல் பேசுவது நம் திருச்சபைக்குப் புதிதன்று. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யப் பணித்தது. அதில் கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையும் விதித்தது. 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ, இடையே தடுப்புப் பலகை உடைய இருக்கையை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். முழந்தாளிட்டுக் காத்திருக்கும் வேளையில் நெஞ்சு படபடப்பதை நம்மில் அறியாதார் இல்லை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஒப்புரவில் நாம் அறிந்த பாவத்தைச் சொல்கிறோம்; மன்னிப்பு இறைவனுடையது. உளமருத்துவத்தில் நாமே அறியாததையும் தேடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வேறுபாட்டை 1926-இல் ஃபிராய்டும் எடுத்துரைத்தார். 1953 ஏப்ரலில் உளமருத்துவர் மாநாட்டினருக்கு உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மனிதனைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுமையாகப் பார்க்குமாறு அவர்களை வேண்டினார். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிப்பதில்லை. ஆனால் வாயிலில் நின்று நடுங்கும் மனிதன் இரண்டு இடங்களிலும் ஒருவனே.

புன்னகையும் எரிச்சலும்

ஈடாவின் பாடத்தை முழுதாகப் படித்தவர் ஹங்கேரி நாட்டு மருத்துவர் ஷாண்டோர் ஃபெரென்ட்சி. 1932 செப்டம்பரில் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் அவர் ஆற்றிய உரை சக மருத்துவர்களைக் கலங்கச் செய்தது. நோயாளர் உள்ளே வரும்போது புன்னகையோடு வரவேற்கிறோம். உள்ளூரவோ அவர்மீது எரிச்சலும் வெறுப்பும் கொண்டிருக்கக் கூடும். சிறுவயதில் பெரியவர்களால் துன்புற்றவர்கள் இந்த மறைவான எரிச்சலை நுட்பமாக உணர்ந்துவிடுகின்றனர். ஆனால் வெளியே சொல்லத் துணியார். மருத்துவர் தம் தவற்றைத் தாமே ஒப்புக்கொண்டால்தான் நோயாளரின் நம்பிக்கை பிறக்கும். இதுவே அவ்வுரையின் சாரம். அதைப் படிக்க வேண்டாம் என்று ஃபிராய்டே அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறு ஆண்டே ஃபெரென்ட்சி மறைந்தார். அவ்வுரை ஆங்கிலத்தில் வெளிவர 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் தோன்றும் அச்சத்தில் ஒரு பகுதி, அறையில் உண்மையாகவே இருக்கும் ஒன்றைக் கண்டுகொண்ட அச்சமாக இருக்கலாம் என்பதே அவர் தந்த செய்தி. பெர்த்தா கைகளைத் தொட்டுப் பார்த்ததன் பொருளும் இப்போது நமக்கு இன்னும் விளங்குகிறது.

வழியை முன்னரே சொல்லுதல்

அமெரிக்கரான கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் வெளியிட்ட நூலில், ஒருவருடைய மருத்துவ உரையாடல்கள் முழுவதையும், ஒலிப்பதிவு செய்தவாறே, முதல் சொல் முதல் இறுதிச் சொல் வரை அச்சிட்டார். மூடிய கதவுக்குப் பின்னே நடப்பது என்ன என்பதை உலகம் முதன்முறையாக வரிக்கு வரி படிக்க முடிந்தது. அறிவுரை குறைவாக, செவிமடுத்தல் மிகுதியாக இருக்க வேண்டும் என்ற அவர் கொள்கை பின்னர் நாடெங்கும் பரவிற்று.

1964-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எளியதோர் சோதனை செய்தனர். புதிதாக வந்த 40 நோயாளரில் ஒரு பாதியினரை முன்னதாக அமர்த்தி, இம்மருத்துவத்தில் என்ன நடக்கும், நீங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும், இடையில் வர மனமில்லாமல் போகக்கூடும் என்பவற்றை விளக்கினர். மற்றப் பாதியினர்க்கு அவ்விளக்கம் தரப்படவில்லை. விளக்கம் பெற்றோர் ஒழுங்காக வந்தனர். பல வகையில் மிகுதியான பயனும் பெற்றனர். ஆயினும் விலகிச் செல்வோர் இன்றும் குறைவல்லர். 669 ஆய்வுகளில் இடம்பெற்ற 83,834 பேரைத் தொகுத்து நோக்கி 2012-இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மருத்துவத்தை இடையிலேயே விட்டுவிடுவதாகக் காட்டிற்று. அவர்கள் எல்லாரும் மனவுறுதி அற்றவர்களா? வழி கரடுமுரடானது என்று எவரும் முன்கூட்டிச் சொல்லாததால், கால் இடறியவுடன் வழி தவறிவிட்டோம் என்று எண்ணித் திரும்பியவர்களும் அவர்களில் இருப்பார்கள் அல்லவா?

நம் மறைமாவட்டங்களில் இப்பணியை 'ஆற்றுப்படுத்துதல்' என்று அழைக்கிறோம். அழகிய சொல். ஆற்றுப்படை என்பது நம் பழந்தமிழ் இலக்கிய வகை. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வாடி வரும் மற்றொருவனுக்கு வழி காட்டுவான். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், சேருமிடத்தின் சிறப்பை மட்டும் பாடி நின்றுவிடவில்லை. போகும் வழியில் பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, பாம்புகள் உறையும் குழிகள் உண்டு, வழுக்கும் இடங்கள் உண்டு, யானையை விரட்டக் கானவர் எறியும் கவண்கற்கள் வரும் என்றெல்லாம் விரிவாக எச்சரிக்கிறது. அந்தக் கூத்தன் அஞ்சித் திரும்பிவிட வேண்டும் என்பதற்காக அல்ல. அவன் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே.

முதல் நாள் அறைக்குள் நுழைகிறவரிடம் நாம் சொல்லத்தக்கதும் அதுவே. நாவு உலரும்; அழுகை வரும்; சில நாள் முன்னினும் மனம் கனக்கும்; போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். அப்போது, 'எனக்கு இங்கே பேசச் சங்கடமாக இருக்கிறது' என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லலாம். அதைக் கேட்கும் பொறுமை எதிரே இருப்பவரிடம் இருந்தால் அங்கே தங்கலாம். அதையே குற்றமாகத் திருப்புகிறார் எனில், ஈடாவைப் போல வாழ்த்துக் கூறி எழுந்து, வேறு கதவைத் தட்டலாம். கேட்கும் பணியில் உள்ள குருக்களும் துறவியரும் ஆசிரியரும் பெற்றோரும் நினைவில் கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. நம் முன் ஒருவர் மௌனமாக அமர்ந்திருக்கும்போது அவர் காலத்தை வீணாக்கவில்லை. நம் கைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.